தச்சன் கேட்ட கேள்வி

டிசம்பர் 18

ஆறு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட்டுக்கு வருடாந்திரச் சோதனை. கயிறு, கதவு, மோட்டார் எல்லாம் பார்த்தேன். கயிறு அறுந்தால் கூண்டைக் கவ்வி நிறுத்தும் இரும்புப் பிடியை மட்டும் பார்க்கவில்லை. அதைச் சோதிக்க எடைக்கல் ஏற்ற வேண்டும், ஆள் வரவில்லை, எனக்கும் மூன்று இடம் பாக்கி. படிவத்தில் 'சரி' போட்டுக் கையெழுத்திட்டேன். போன வருடம் கவ்வியது இந்த வருடம் கவ்வாமலா போகும்?

டிசம்பர் 20

முதுகு வலி. விடுப்பு. மனைவி நூலகத்திலிருந்து கொண்டுவந்த பேய்க்கதை மேஜைமேல் கிடந்தது. நூறு வருடத்துக்கு மேலாகக் கிறிஸ்துமஸ் சமயத்தில் படிக்கிற கதையாம். நான் படித்ததேயில்லை. சும்மா புரட்டினேன். கிறிஸ்துமஸ் விருந்து நடக்கிறது. ஏணி முறிந்து செத்துப்போன தச்சன் வந்து காலி நாற்காலியில் உட்காருகிறான். மிரட்டவில்லை, அலறவில்லை. ஏணி கொடுத்த வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறான்: "ஏறிப் பார்த்தீர்களா?"

புத்தகத்தை மூடிவிட்டேன்.

"பட்டப்பகல்ல பேய்க்கதைக்கு இப்படி வேர்க்குதா உங்களுக்கு!" என்று சிரித்தாள். பேய்க்கா வேர்த்தது?

டிசம்பர் 21

மீதியைப் படிக்கவில்லை. அட, கதைதானே! கதைதான். ஆனால் அந்த லிஃப்ட்டில் தினம் எத்தனை பேர்—

டிசம்பர் 22

காலையிலேயே போய் லிஃப்ட்டை நிறுத்திப் பூட்டினேன். ஆறாம் மாடி மூட்டுவலிக்கார அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "நாலு நாள் முன்னாடிதானே நல்லா இருக்குன்னுட்டுப் போன? பேத்தி பொறந்து இன்னும் நான் பாக்கலப்பா. நாளைக்கு மக வீட்டுக்குப் போகணும், எப்படி இறங்குவேன்?" வாயில் பொய்தான் முதலில் வந்தது. "சின்ன வேலைம்மா." சீ!

நேராக அலுவலகம் போய் மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

"இருபத்தோரு வருஷம் வேலை பாத்தவனாய்யா நீ? வேலையே போயிடும், தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.

டிசம்பர் 23

மேலாளரே எடைக்கற்களோடு வந்தார். ஆளில்லாத கூண்டை மெதுவாக இறக்கி, பிடியை இயக்கிப் பார்த்தோம். கூண்டு நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை. அப்போதும் அதேதான். உள்ளே துரு ஏறிப் பிடி இறுகிக் கிடந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 26

வேலை போகுமா, தண்டனையோடு விடுவார்களா, விசாரணைக்குப் பிறகுதான் தெரியும். புதுப் பிடி வர ஒரு வாரமாகும். மொட்டைமாடி மோட்டார் அறையிலிருந்து என் பையை எடுத்துவரப் போனேன். ஆறாம் மாடியில் அந்த அம்மாவின் வீட்டுக் கதவு திறந்தது.

"உன்னாலதான்டா பேத்தி மொகத்தப் பாக்கல! நீ நல்லா இருப்பியா?"

கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டித் திட்டினார். உயிரோடு நின்று திட்டினார். முழுசாகக் கேட்டுவிட்டு இறங்கினேன்.