கலஹா வீதியில் கொதித்த கார்

18.08.1983, வியாழன்

தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பயந்து, யாழ்ப்பாணம் போய்விடுவதென்று இன்று தெல்தோட்டை வீட்டைப் பூட்டிப் புறப்பட்டோம். கலஹா தாண்டியதும் எங்கள் பழைய கார் கொதித்து நின்றது. ஆவி எழுந்து மூடுபனியோடு கலந்தது. சூடு ஆறும்வரை கனவில் நிற்பதுபோல் நின்றோம்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, நான் படிப்பிக்கும் பிள்ளை ஒன்றின் தாய், வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதை ஊற்றி, எங்கே ஒழுகுகிறதென்று என் கணவர் குனிந்து தேடினார்.

"நீங்களும் போறீங்களா டீச்சர்? அப்ப புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க யாரு?" என்றாள் அவள்.

"ரேடியேற்றரின்ர கீழ்க்குழாய் வெடிச்சிருக்கு," என்று இவர் பழைய சைக்கிள் ரியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். "இனிக் கண்டி போகுமட்டும் ஓடும். ஏறி இரும்."

"வீட்டுக்குத் திருப்புங்கோ," என்றேன்.

"பயமில்லையோ?"

"பயம்தான்."

இவர் ஏறிக் காரை இயக்கினார். பனிக்குள் மெல்லத் திருப்பினார். வீடு வந்து சேர்ந்தும் பெட்டிகளை இன்னும் அவிழ்க்கவில்லை.