ஜன்னலை மறைத்தவன்

மார்ச் 4, செவ்வாய்

கம்பிகள் இன்றைக்கு ஏரியைத் தொட்டுவிட்டன. எதிர்க் கட்டடம் ஏழாம் மாடியைத் தாண்டியாயிற்று. நாங்கள் இருப்பது ஒன்பதில். இவரைக் கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தால் பாதி ஏரிதான் தெரிகிறது, அதுவும் கம்பிக்குக் கம்பி இடையில். அடுத்த மாதம் அந்தப் பாதியும் இருக்காது.

இந்த வீட்டை எதற்காக வாங்கினோம்? அந்த ஏரிக்காகத்தான். இவர் விளையாட்டு வாத்தியார். மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த மனுஷன். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போன பிறகு, நாள் பூராவும் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டாமா? பார்த்துப் பேசி முடித்துக் கொடுத்தது என் தம்பி. நிலத் தரகன். "முன்னாடி இருக்கிற இடம் பூங்காவுக்குன்னு ஒதுக்கினதுக்கா. என் உயிரே போனாலும் அங்க ஒரு செங்கல் விழாது" என்றான். நம்பினேன். அம்மா போன பிறகு நான் தலைவாரிவிட்டு, சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை, நம்பாமல்?

அந்தப் பூங்காவைக் கட்டட முதலாளிக்கு முடித்துக் கொடுத்ததும் அவன்தானாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிஃப்டில் சொன்னார், நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி.

விடமாட்டேன்.

மார்ச் 5, புதன்

போன் செய்தேன். "வியாபாரம்க்கா அது. நான் செய்யலேன்னா வேற ஒருத்தன் செஞ்சிருப்பான். மாமாவுக்கு வேணும்னா பெரிய டிவி ஒண்ணு வாங்கித் தரேன்" என்கிறான்.

டிவி!

பதில் பேசாமல் வைத்துவிட்டேன். பேசியிருந்தால் உஷாராகிவிடுவான்.

மார்ச் 9, ஞாயிறு

டெலிபோன் ஆபீசில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். எந்தப் புகார் பிழைக்கும், எந்தப் புகார் சாகும் என்று எனக்குத் தெரியாதா? அழுதுகொண்டு வரும் புகார் செத்துப்போகும். பக்கம் பக்கமாக எழுதியதும் செத்துப்போகும். ஒரே பக்கம், ஒரே குற்றம், கூட ஒரு போட்டோ. அதையே மூன்று ஆபீசுக்கு ஒரே நாளில் கொடுக்க வேண்டும். மற்றவன் முந்திக்கொள்வானோ என்ற பயத்திலேயே மூன்று பேரும் எழுந்து வருவார்கள்.

முதல் புகார்: தூசி. திரை கட்டாமல் வேலை செய்கிறார்கள். எழுதி முடித்து இரண்டு முறை படித்தேன். கண்ணீர் எங்கேயும் ஒட்டவில்லை. நல்லது.

மார்ச் 21, வெள்ளி

வந்தார்களே! கையில் கேமராவோடு இரண்டு அதிகாரிகள். தம்பி கீழே ஹெல்மெட் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுகிறான். அக்கம்பக்கத்துத் தொந்தரவைச் சமாளிக்கிற வேலையையும் முதலாளி அவன் தலையிலேயே கட்டியிருக்கிறாராம். ரொம்பப் பொருத்தம். அந்தத் தொந்தரவு நான்தான்.

பால்கனியில் நின்று அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தேன். பார்த்தான். துணி உலர்த்துகிற மாதிரி ஒரு துண்டை உதறினேன்.

இனிமேல் தினமும் காலையில் கிளம்பிவிட வேண்டியதுதான். ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்க வேண்டும். நர்ஸ் பெண் மதியம் வரை இருந்து இவரைக் குளிப்பாட்டி, கைகாலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறாள். பயிற்சி என்ன பயிற்சி, அவள் அந்த வலது கையைத் தொட்டாலே இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

எட்டாம் மாடிக்கு மேல் பலகை அடித்துவிட்டார்கள். ஏரி போயிற்று.

கட்டிலைத் திருப்பிப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று இவர் பலமாகத் தலையாட்டினார். ஏரி இருந்த இடத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. தம்பி, இதற்கு நீ அனுபவிக்காமல் போகமாட்டாய். போனாலும் நான் விடமாட்டேன்.

ஏப்ரல் 19, சனி

இன்றைக்குப் பலகை அடித்த அந்தத் தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாள் என்று அவர்கள் காவலாளியிடமே விசாரித்து வைத்திருந்தேன். கலவை லாரி வருவதற்கு எங்கள் தெருவை விட்டால் வழி கிடையாது.

காய்கறிப் பையோடு கிளம்பினேன். தெரு குறுகுகிற இடத்தில் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினேன். பூட்டினேன். சாவியைப் பைக்கு அடியில் போட்டு அதன் மேல் வெங்காயத்தைக் கொட்டினேன்.

முதல் லாரி ஹார்ன் அடித்தது. அதன் பின்னால் இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் முதுகில் இருக்கிற அந்தப் பெரிய பீப்பாயைச் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. கலவைக்குப் பொறுமை கிடையாது, நேரமானால் உள்ளேயே இறுகிவிடும். தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, சாவியக் குடுக்கா. கலவ இறுகிடும்."

"எங்க வெச்சேன்னே தெரியலடா. வயசாயிடுச்சு பாரு."

"வெளையாடாதக்கா. என் பொழப்பே போயிடும்."

"உயிரே போனாலும்னு சொன்னியே, அந்த உயிர் இன்னும் இருக்கில்ல? அத வெச்சுப் பொழச்சுக்கோ."

அவன் முகம் போன போக்கு! கடைசியில் வேலையாட்கள் நாலு பேர் வந்து என் ஸ்கூட்டரை அப்படியே அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கோபமே இல்லை அவர்களுக்கு, சிரித்துக்கொண்டே வைத்தார்கள். அதற்குள் முன்னால் நின்ற இரண்டு லாரிக் கலவை வீணாகிவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் நடித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். அலுப்பாக இருக்கும்.

மே 6, செவ்வாய்

கிடைத்தது. கிடைத்தேவிட்டது.

அவர்கள் அனுமதி வாங்கிய வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். எங்கள் கட்டடத்துக்கும் அவர்களுடையதற்கும் நடுவில் விடவேண்டிய இடத்தை விடவில்லை. எங்கள் பக்கம் பார்த்த பால்கனிகள் எல்லாம் வரம்பைத் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டிருக்கின்றன. தூசி, சத்தம் என்றால் எச்சரிக்கையோடு போய்விடும். இது அப்படிப் போகாது.

ஒரே பக்கம். ஒரே குற்றம். இந்த முறை சங்கச் செயலாளரின் கையெழுத்தும் சேர்த்து. வண்டி நிறுத்துகிற சண்டையைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனுஷன், "நீங்க சிங்கம்மா" என்றார்.

மே 14, புதன்

நிறுத்தச் சொல்லி உத்தரவு ஒட்டிவிட்டார்கள்! கிரேன் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. கம்பி வெட்டுகிற சத்தம் இல்லை, கூச்சல் இல்லை. வேலையாட்கள் மூட்டை முடிச்சோடு லாரியில் ஏறிப் போனார்கள்.

தம்பி வாசலில் அந்த உத்தரவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். மண்ணைக் கவ்வ வைத்துவிட்டேன். என் தம்பிதான், நான் வளர்த்தவன்தான், இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லி என்ன?

இனிப்பு வாங்கி வந்தேன். இவர் வாயைத் திறக்கவில்லை.

மே 23, வெள்ளி

என்ன ஆயிற்று இவருக்கு? சாப்பாடு பாதியில் நிற்கிறது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்றும் இல்லை என்கிறார். சத்தம் நின்றுவிட்டது, தூசி நின்றுவிட்டது, ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன். யாருக்காக இவ்வளவும்?

ஜூன் 2, திங்கள்

ஏறி இறங்க ஆபீஸ் எதுவும் இல்லாததால் காலையில் வீட்டில் இருந்தேன். நர்ஸ் பெண் இவர் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் பொத்தென்று விழுந்தது.

"அம்மா, அந்த கிரேன் வேலை மறுபடி எப்ப ஆரம்பிப்பாங்க?"

"ஆரம்பிக்கவே மாட்டாங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப சாரோட கை?"

பிறகு சமையலறைக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள். கிரேன் ஓட்டுகிறவருக்குத் தளத்தில் நின்று கை காட்டுவதற்கென்று ஒரு ஆள் உண்டாம். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. கையை நேராக நீட்டி உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. அந்தத் தளம் உயர உயர அந்த ஆள் எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்துவிட்டார். இவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் இடது கையால் செய்தாராம். அப்புறம் ஒரு நாள் போர்வைக்குள் வலது கை விரல் சுற்றியிருக்கிறது.

"முழங்கை வரைக்கும் தூக்கிட்டாரும்மா. நான் சொன்னா ஒண்ணும் கேக்கமாட்டாரு, அந்த அண்ணன் கை காட்டினா செய்வாரு. அவரும் சாரைப் பாத்துட்டு சல்யூட் அடிப்பாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சார்தான் வேணாம்னு தலையாட்டினாரு. தோள் வரைக்கும் வந்தப்புறம் உங்ககிட்ட காட்டணும்னு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏரிக்காக என்று நினைத்தேனே. ஏரியை இவர் எப்போதோ விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கட்டிலுக்கு எதிரில் நின்று நானே கை காட்டிப் பார்த்தேன். தூக்கு. இறக்கு. இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மைதானத்தில் தப்பாக அணிவகுத்த பையனைப் பார்ப்பாரே, அதே பார்வை. கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 7, சனி

தம்பியிடம் போவதா? செத்தாலும் மாட்டேன்.

ஜூன் 11, புதன்

போனேன்.

அவனுடைய ஆபீசில் ஏசி ஓடவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், பழைய பழக்கம்.

"எங்க பக்கம் இருக்கிற பால்கனிய எல்லாம் எடுத்துடச் சொல்லு. எடுத்தா ஆட்சேபம் இல்லன்னு எழுதித் தரேன்."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நிஜமாவாக்கா?"

"இன்னொண்ணு. சிக்னல் குடுத்தானே ஒரு ஆளு, அதே ஆளு வரணும்."

"சிக்னல் குடுக்கறவனா? எதுக்குக்கா?"

"உங்கிட்ட காரணம் சொல்லணும்னு எந்தக் கோர்ட்டு சொல்லுச்சு?"

"இல்லக்கா... அவங்கல்லாம் வேற வேலைக்குப் போயிட்டாங்க. ஊருக்கு வெளிய இருபது மாடி ஒண்ணு எழும்புது—"

"நூறு மாடியா இருக்கட்டும். போய்க் கூட்டிட்டு வா. இன்னும் ஒண்ணு. என் வீட்டு வாசப்படிய மட்டும் நீ மிதிக்கக் கூடாது."

"சரிக்கா" என்றான். கண் கலங்கியிருந்தது. வெயிலில் வந்ததால் எனக்கும்தான் கண் எரிந்தது.

ஜூன் 13, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். செயலாளர் லிஃப்டில் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் மாடிக்காரி என் காதில் விழும்படியே சொன்னாள்: "தம்பி கவனிச்சுட்டான் போல." போன மாதம் நான் சிங்கம்.

ஒவ்வொருத்தர் வீட்டுக் கதவையும் தட்டி விளக்கம் சொல்ல முடியுமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயார் செய்துவைத்தேன். கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கிரேன் அசைந்தது. நர்ஸ் பெண்ணும் நானும் இவரைத் தூக்கி உட்கார வைத்தோம். அந்த ஆள் வந்திருக்கிறார். குட்டையான மனுஷர், கழுத்தில் துண்டு. ஜன்னலைத் தேடிப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார்.

இவர் தோளை நிமிர்த்திக்கொண்டார். நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். தோள் வரைக்கும் வந்தப்புறம்தானே எனக்குக் காட்டணும் என்று வைத்திருக்கிறார்? கதவுக்குப் பின்னால் நின்று எதையும் பார்க்காதவள் மாதிரி நடிப்பது லேசான காரியமில்லை.

ஜூலை 18, வெள்ளி

பத்தாம் மாடிக்குச் சுவர் வைத்துவிட்டார்கள். அந்த மனுஷர் எங்கள் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே இப்போது வெறும் சாம்பல் நிறச் சுவர். இவர் அதைப் பார்த்துக்கொண்டும் விரலைச் சுற்றுகிறார் என்று நர்ஸ் பெண் காதோடு சொன்னாள்.

சுவரைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் மணி அடித்தது. திறந்தால் தம்பி. வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத் திருதிருவென்று நிற்கிறான். "மாமா வரச்சொன்னாருன்னு நர்ஸ் பொண்ணு போன் பண்ணுச்சுக்கா." அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அந்தச் சுவர் அவனுக்கு நேர் எதிரே. அவன் அதைப் பார்ப்பதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"நல்லாப் பாருடா. நல்லாக் கண்ணத் தொறந்து பாரு. சோறு ஊட்டின கைக்கு நீ கட்டின சுவரு அது. பூங்காவாம் பூங்கா! படுத்தபடுக்கையா கெடக்கற மனுஷனுக்கு டிவி வாங்கித் தரேன்னியே, அந்த வாய்க்கு—"

போர்வை அசைந்தது. இவருடைய வலது கை வெளியே வந்தது. நடுங்கிக்கொண்டே மேலே வந்தது. முழங்கை தாண்டி, தோள் உயரத்துக்கு வந்து நேராக நீண்டு, உள்ளங்கை விரிந்தது.

தம்பியைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன். இல்லை. என்னைப் பார்த்து.

பாதி வார்த்தையில் நிறுத்தினேன்.

"அக்கா! மாமா கையத் தூக்குறாருக்கா!" தம்பி துள்ளி எழுந்துவிட்டான்.

"தெரியுதுடா. உக்காரு."

கேட்க வேண்டியது இன்னும் பாதி பாக்கி இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். முகத்தைக் கழுவினேன், கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எல்லோருக்கும் காபி போட்டேன். அவனுடையதில் மட்டும் சர்க்கரை போடவில்லை.

முகத்தைச் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்றான்.