கப்பலில் போய்ப் படகைத் தேடியது

அன்பு மகள் ஷர்லிக்கு, ஜெகதாப்பட்டினத்திலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாகக் கரைசேர்ந்தோம், தரைதான் எங்களுக்கு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது, நேற்றுப் பூசையில் முழங்காலிலிருந்து எழுந்த உன் அம்மா பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு கப்பல் திரும்புது திரும்புது என்றாளாம், கோயிலே சிரித்திருக்கிறது. நீயும் பெலிக்ஸ் மாப்பிள்ளையும் அந்தக் குவைத்து வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். நம் தெரு முத்துராஜ் வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கப்பல் எப்படிப்பா இருந்தது என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் நல்லா இருந்துச்சு என்று முடித்துவிட்டுப் போனை உன் அம்மாவிடம் நீட்டினேனே, அதற்குக் கோபப்படாதே, பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம். நீ கேட்டது இரண்டு. அடுத்த மாதம் லீவில் வந்து சம்பந்தி வீட்டாரை அதே கப்பலில் கூட்டிப்போகிறாயே, அதற்கு என்னென்ன யோசனை என்பது ஒன்று. ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் காண்ட்ராக்ட் கையெழுத்துப் போடவா, இல்லை மாப்பிள்ளைக்குத் திருச்சியில் கிடைத்திருக்கும் வேலையை நம்பி ஊருக்கு வந்துவிடவா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓர் உண்மை. நீ டிக்கெட் போடுகிறேன் என்றபோது எத்தனை முறை வேண்டாம் என்றேன், கடல் தொழில்காரன் கடலைப் பார்க்க டூர் போவது பஸ் டிரைவர் லீவு நாளில் பஸ்ஸேறிச் சுற்றுகிற மாதிரி என்று கேலிகூடச் செய்தேன். பிறகு திடீரென்று ஒரு நாள் சரி என்றேன், அப்பா மனசு மாறிவிட்டது என்று நீ குதித்தாய். மனசு மாறவில்லையம்மா. அந்தக் கப்பல் இலங்கையில் காங்கேசன்துறையில் ஒரு பகல் நிற்கும் என்று உன் அம்மா சொன்னாள், அதற்காகத்தான் சரி என்றேன். நம் படகு கடைசியாகப் போன கரை அதுதான். என்ஜின் நின்று நீரோட்டம் இழுத்துப் போய் எல்லைக்கு அந்தப் பக்கம் இலங்கை நேவி எங்களைப் பிடித்தது, உள்ளே வைத்திருந்தது, ஆட்களை அனுப்பிவிட்டுப் படகை மட்டும் எடுத்துக்கொண்டது எல்லாம் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக அடுத்தவர் படகில் டிரைவராகப் போகிறேன், அது எங்கே கிடக்கிறதோ என்று நினைக்காமல் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. செத்துப்போனவர்களுக்காவது கல்லறை என்று ஒன்று இருக்கிறது, போய் மெழுகுதிரி ஏற்றலாம். அது கிடக்கிற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். உன் அம்மாவிடமே அதைக் கப்பலேறிய பிறகுதான் சொன்னேன்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் நடையை நிறுத்திவிட்டேன். கப்பல்களை நான் தூரத்தில் பார்த்தவன், வலையை அறுத்துக்கொண்டு போகும்போது வாய் வலிக்கத் திட்டியவன், பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததில்லை. திருமயம் கோட்டையைப் பாறையோடு பெயர்த்து வெள்ளையடித்துத் தண்ணீரில் விட்ட மாதிரி நிற்கிறது. “இது மெதக்குதாங்க, இல்ல கட்டி வச்சிருக்காங்களா?” என்று உன் அம்மா கேட்டாள், எனக்கும் அதே சந்தேகம்தான். உள்ளே போகுமுன் சாமான்களை மெஷினில் விடுகிறார்கள், அங்கே ஒரு பெண் அதிகாரி எங்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் புடவைக்குள் சுருட்டியிருந்த நெத்திலிக் கருவாட்டை வெளியே எடுத்தாள். உன் அம்மா எப்போது அதை வைத்தாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கப்பல்ல விதவிதமா மீன் போடுவாங்கம்மா என்று அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். “அது மீனு, இது கருவாடு, ரெண்டும் ஒண்ணா?” என்று உன் அம்மா கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டாள், ஆனாலும் கருவாடு உள்ளே வரவில்லை. அதனால் சம்பந்தியம்மாளிடம் புளிச்சோறு ஊறுகாய் என்று எதையும் கட்டவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்குக் கொண்டுவருவார்கள், உன் அம்மாவின் பிரஷர் மாத்திரை அதற்குள் போய்விட்டு நாங்கள் பட்ட பாடு போதும், மாத்திரை, ஒரு மாற்றுத்துணி, ஒரு சால்வை, பாஸ்போர்ட் இவ்வளவையும் தோள்பையில் வைத்துக்கொள். சால்வை அவசியம், உள்ளே ஏசியை ஐஸ் பிளாண்ட் மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கார்டு தருவார்கள், கதவு திறக்க, சாப்பிட, இறங்க ஏற எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான், உன் அம்மா அதைச் செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், நீயும் சம்பந்திகளுக்குக் கழுத்துக் கயிறு வாங்கிவிடு.

இப்போது சொல்வதை ஊரில் யாரிடமும் சொல்லாதே, முத்துராஜ் படித்துவிடக் கூடாதென்று கவரை நன்றாக ஒட்டித்தான் கொடுக்கிறேன். கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. நாற்பது வருஷம் கடலில் கிடந்தவனுக்கு! உன் அம்மா தனக்கு வந்த வாந்தியை மறந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அறைக்கு ஜன்னல் இல்லை, அதுதான் காரணம், அலை வருவது கண்ணுக்குத் தெரிந்தால் உடம்பு தயாராகும், நான்கு சுவருக்குள் இருந்துகொண்டு ஆடினால் என்ன செய்வது. மேல்தளத்துக்கு ஏறிப்போய் வானமும் கடலும் சேருகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அப்புறம்தான் நின்றது. ஆகவே நீ ஜன்னல் உள்ள அறையாக, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேள், அங்கேதான் ஆட்டம் குறைவு, சம்பந்தியின் முழங்காலுக்கு லிப்ட் பக்கத்திலேயே வேண்டும் என்றும் சொல். இஞ்சி மிட்டாய் வாங்கி வை, வெறும் வயிற்றோடு யாரும் இருக்க வேண்டாம். கிளம்புமுன் உயிர்காப்பு உடுப்பு எப்படி மாட்டுவது, எங்கே வந்து நிற்பது என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள், பாதிப்பேர் செல்பி எடுத்துக்கொண்டு நின்றார்கள், எனக்குக் கையெல்லாம் துறுதுறுவென்றது, நீயாவது அவர்களைக் கவனிக்க வை. பக்கவாட்டில் உயிர்காப்புப் படகுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் நம் படகைவிடப் பெரிது, அவசரத்துக்கு என்று தொங்கவிட்டிருப்பதே நம் முழுச் சொத்தைவிடப் பெரிது என்றால் இது எப்பேர்ப்பட்ட கப்பல் என்று பார்த்துக்கொள்.

எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியவில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது, அத்தனையும் கடல் தண்ணீராம், கப்பலுக்குள்ளேயே நல்ல தண்ணீராக்கிவிடுகிறார்கள் என்று எங்கள் அறையைச் சுத்தம் செய்த நாகர்கோவில்காரர் சொன்னார். நாங்கள் தொழிலுக்குப் போனால் ஒரு கேன் தண்ணீரை முகம்கூடக் கழுவாமல் குடிக்க வைத்திருப்போம், சுற்றிலும் தண்ணீர் கிடக்க நாக்கு வறண்ட நாட்கள் எனக்கு எத்தனையோ, அந்தக் குழாயடியில் நான் குளிக்காமல் சும்மா கையை நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். உச்சித்தளத்தில் ஒரு நீச்சல்குளம் வேறு கட்டியிருக்கிறார்கள், கடலுக்கு மேலே குளம், அதில் இறங்க வரிசை. சாப்பாட்டுக்கூடம் நம் கோயில் திருவிழாப் பந்தலை ஏழெட்டு ஒன்றாகச் சேர்த்த மாதிரி, இட்லியும் உண்டு, பெயர் தெரியாததும் உண்டு, முள்ளில்லாமல் மீன் வைத்திருந்தார்கள், அதை உன் அம்மா நம்பவில்லை. முதல் சுற்றிலேயே தட்டை நிரப்பிவிட வேண்டாம், ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல், மாமனாருக்குச் சர்க்கரை, இனிப்பு மேசைப் பக்கம் அவரைத் தனியாக விடாதே. கரை மறையுமுன் எல்லார் போனையும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடு, நடுக்கடலில் கப்பல் டவரைப் பிடித்துக்கொண்டால் பில் தீட்டிவிடும். இவ்வளவு பெரிய ஊரை யாரோ ஒருவர் மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிறாரே, ஒரு சின்னப் படகைக் கரைக்குக் கொண்டுவர நமக்கு இந்தப் பாடு, அவருக்குப் பயமே இராதா என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

காங்கேசன்துறை வந்ததும் எனக்குத்தான் பயம் வந்தது. இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தால் வருஷக்கணக்கில் உள்ளேதான் என்று அப்போது சொல்லி அனுப்பியிருந்தார்கள், அது மனசை விட்டுப் போகவே இல்லை. பாஸ்போர்ட் இருக்கு, டிக்கெட் இருக்கு, எதுக்குப் பயப்படுறீங்க என்று உன் அம்மா முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். மேசையில் இருந்த இளைஞர் முகத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார், “வாங்கோ ஐயா, வடிவாச் சுத்திப் பாருங்கோ” என்றார். என்னைக் கையைக் கட்டி இறக்கிய கரையில் வாங்கோ ஐயா என்கிறார்கள். மற்றவர்கள் கோயில் பார்க்கப் பஸ்ஸேறினார்கள், நாங்கள் ஒரு ஆட்டோ பிடித்து, நம் ஊர்ப் படகுகளைப் பிடித்து வைத்திருக்கும் துறைக்குப் போகச் சொன்னோம். சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. ஷர்லி, அங்கே நம் பக்கத்துப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பாதி மூழ்கி, பலகை பிளந்து கிடக்கின்றன. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சிலவற்றை யாருடையது என்றே சொல்ல முடிந்தது. நம்முடையது இல்லை. உடைத்து விறகாக்கியிருப்பார்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆட்டோவை நோக்கித் திரும்பினேன்.

அப்போது ஒரு படகு தொழில் முடித்து உள்ளே வந்தது. நீல நிறம், வேறு பெயர், வேறு என்ஜின். ஆனால் இடப்பக்கம் ஒரு சாய்ப்பு. நம் ஆசாரி இடப்பக்கப் பலகையைத் தடிப்பாகப் போட்டதால் நம் படகு பிறந்ததிலிருந்தே அப்படித்தான் சரிந்து ஓடும், அதற்காக அவரோடு நான் போட்ட சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். கிட்டே வந்ததும் அணியத்தில், அதுதான் படகின் முன்முனையில், நான் வேப்பம்பலகையை வெட்டி ஒட்டுப்போட்ட இடம் பெயிண்டுக்கு அடியில் அப்படியே தெரிந்தது. அது சாகவில்லை. அதிலிருந்து ஒருவர் கயிற்றை வீசினார், கை தானாகப் போய் நான் பிடித்துக் கட்டினேன். என் வயதுதான் இருக்கும், மரியநாயகம் என்று பெயர். நல்ல படகா இருக்கே என்றேன். “இது இந்தியாப் படகு அண்ணை, ஏலத்தில எடுத்தனான். எடுத்த ஆக்கள் கனபேர் பலகைக்கு உடைச்சவை, எனக்கு மனம் வரேல்ல. இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு ஓடும், மற்றும்படி தங்கம்” என்றார். உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாய் நுனி வரைக்கும் வந்தது, ஷர்லி, இது என் படகு என்ற சொல். சொல்லவில்லை. “ஐஸ் பொட்டிய வலப்பக்கம் தள்ளி வச்சுப் பாருங்க, நேராப் போகும்” என்றேன். எப்பிடி அண்ணை தெரியும் என்று கேட்டார். எங்க பக்கம் கட்டுற படகெல்லாம் அப்படித்தாங்க என்று சொல்லிவிட்டேன். பாரை மீன் இரண்டை எடுத்து நீட்டினார், கப்பல்ல விடமாட்டாங்கண்ணே என்று உன் அம்மா அனுபவசாலி மாதிரி மறுத்தாள், அதற்குப் பதிலாகப் பால் ஊற்றாத தேநீர் வாங்கித் தந்தார். குடித்து முடிக்கும் வரைக்கும் நான் ஒரு கையை அணியத்தின் மேலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியது, நான் மேல்தளத்தில் நின்றேன். அந்தப் படகும் மறுபடி வலை போடக் கிளம்பி வெளியே வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அது தேங்காய்ச் சிரட்டை அளவுதான். நாற்பது வருஷம் படகுக்குள் இருந்து கடலைப் பார்த்தவன், அன்றைக்குத்தான் கடலுக்குள் என் படகைப் பார்த்தேன். இவ்வளவு சின்னதையா நம்பி நாம் பிழைத்தோம், இவ்வளவு சின்னதா அத்தனை அலையைத் தாண்டியது என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது, உன் அம்மாவும் அழுதாள், பக்கத்தில் நின்றவர்கள் எங்களுக்கு மறுபடி தலைசுற்றல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இனி உன் இரண்டாவது கேள்வி. நீ முதல் தடவை குவைத்துக்குக் கிளம்பும்போது ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படகு கட்டிக் கொடுத்துட்டுத்தான்பா திரும்பி வருவேன் என்றாய். ஒவ்வொரு காண்ட்ராக்டுக்கும் அதையே சொல்கிறாய், மாப்பிள்ளையும் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கிறார். நானும் வேண்டாம் என்று வாயால் சொல்வேனே தவிர மனசார ஒரு தடவையும் சொன்னதில்லை. இப்போது மனசாரச் சொல்கிறேன், எனக்குப் படகு வேண்டாம். என் படகு ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு கரையில், வேறு ஒருவர் வீட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டு, நன்றாகவே ஓடுகிறது. அது இல்லை என்று நீ அங்கே நிற்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடாதே. மாப்பிள்ளையிடம் திருச்சி வேலைக்குச் சரி என்று சொல்லச் சொல்.

உங்கள் இரண்டு பேரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மா நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்ததாக எழுதச் சொல்கிறாள். முத்துராஜிடம் நெத்திலி கொடுத்திருக்கிறாள், அதைத் தயவுசெய்து கப்பலுக்குக் கொண்டுபோகாதே. கரையில் இறங்கினால் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே ஏறிவிடுங்கள், கப்பல் யாருக்காகவும் நிற்காது. காங்கேசன்துறையிலிருந்து கிளம்பும்போது மட்டும் அறையில் இருந்துவிடாதே, மேல்தளத்துக்குப் போய்க் கரையைப் பார்த்த பக்கமாக நில். நீல நிறப் படகு ஒன்று வெளியே வரும். கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து போகும். ஐஸ் பெட்டியை மாற்றி வைத்திருந்தார் என்றால் நேராகப் போகும்.

உன் அப்பா,
சூசைராஜ்