காதோரத்து முடி

என் வாலுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது அனுப்பிய படத்திலேயே தெரிகிறது, கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, அதனால் அதைத் தனியாகக் கேட்கவில்லை. போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் காகிதத்தைத் தேடி எடுத்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் சண்டை போடுவேன், இல்லாவிட்டால் அழுவேன், இரண்டையும் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். மூன்று வாரமாக நீ கூப்பிடும்போதெல்லாம் "அம்மா கடையில இருக்காம்மா" என்று அவர் சொன்னாரே, அது பச்சைப் பொய். நான் அவர் எதிரில்தான் துணி மடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வராது, ஒவ்வொரு தடவையும் இருமிவிட்டுத்தான் சொன்னார், உனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

நீ அந்தப் படத்தை அனுப்பியபோது கடையில் ஒரு வங்கிக்கார அம்மா பாதி முடி வெட்டிய தலையோடு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புது ஹேர்கட் எப்படி, வீட்டுக்காரம்மா வெட்டிவிட்டாங்க என்று எழுதி, கீழே மூன்று சிரிக்கிற பொம்மை வேறு. எனக்குக் கை நின்றுவிட்டது. இருபத்திரண்டு வயதுவரைக்கும் உன் தலையில் வேறு ஒருத்தி கத்தரிக்கோல் வைத்ததில்லையடி. பக்கத்து நாற்காலிக்காரி பதினைந்து வருஷமாக என்னோடு தொழில் செய்கிறாள், எனக்குக் காய்ச்சல் என்றாலும் உன்னை அவளிடம் விட்டதில்லை. விமானம் ஏறுகிறதற்கு முந்தின நாள்கூடக் குளியலறையில் பேப்பர் விரித்து நிற்கவைத்து வெட்டி அனுப்பினேன், மூன்று மாதம் தாங்கும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். நீ மூன்று மாதம்கூடப் பொறுக்கவில்லை. வங்கிக்கார அம்மா "என்னங்க ஆச்சு, யாருக்காவது உடம்பு சரியில்லையா" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது. முடி வெட்டியதற்கு மட்டும் என்று நினைக்காதே, சேர்ந்துகொண்டே வந்தது. முதல் வாரம் நீ தப்பான பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் போய் நின்றாயே, அப்போது நீ கூப்பிட்டது அவளை. அறைக் கதவைச் சாத்தும்போது கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் பூட்டு விழும் என்று சொல்லிக்கொடுத்தது அவள். வங்கிக் கணக்குத் தொடங்க உன்னோடு வரிசையில் நின்றது அவள், இரண்டாம் கைக் கடையில் குளிர் கோட்டு பேரம் பேசி எடுத்துக்கொடுத்தது அவள். நீ காய்ச்சலில் கிடந்தது எனக்கு நாலு நாள் கழித்து, அதுவும் வாய் தவறி நீ சொல்லித் தெரிகிறது. அவளுக்கு நீ இருமினாலே சுவர் வழியாகத் தெரிகிறது, உடனே சூப்பு வைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிறாள். நான் இங்கே செய்ய முடிந்தது என்ன, வெந்நீர் குடி என்று ஒரு செய்தி. அதற்கும் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தைப் போட்டு முடித்துவிட்டாய். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருத்தி, உன் மொழி ஒரு வார்த்தை தெரியாதவள், ஒரே பருவத்தில் உன்னை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் புலம்பினேன். "உன் பொண்ணுக்கு அங்க ஒரு ஆள் துணை இருக்குன்னு நிம்மதியா இரேன்" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. நிம்மதியும்தான் இருக்கிறது. அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

அந்தப் படத்தை எத்தனை தரம் பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கேட்காதே. ஒரு குறை கிடைக்காதா என்றுதான் பார்த்தேன். பின்கழுத்தில் கோடு நேராக இருக்கிறது, படிப்படியாக இறக்கியது சுத்தமாக இருக்கிறது, யாரிடமோ கற்றிருக்கிறாள், அந்த எரிச்சலை நான் யாரிடம் போய்ச் சொல்ல. சரிவு இடப்பக்கத்திலிருந்து வருவதைப் பார்த்து இவள் இடதுகைக்காரி என்றேன், அப்பா நம்பாமல் உன்னிடம் கேட்டார், நீ ஆமாம் என்றதும் என் போனை வாங்கி அவரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆனால் ஒன்று, இடது காதோரம் நான் எப்போதும் கொஞ்சம் நீளமாக விடுவேனே, அந்த முடியை அவள் எடுத்துவிட்டிருந்தாள். நீ படத்தில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். அதைப் பார்த்ததும்தான் போனை மூடி டிராயருக்குள் போட்டேன்.

இந்த மூன்று வாரத்தில் என் தொழிலும் கெட்டது. உன் வயதில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள், உன்னை மாதிரியே அடர்த்தியான முடி. என்ன நினைப்பில் வெட்டினேனோ, முடித்துவிட்டுக் கண்ணாடியைப் பின்னால் பிடித்தால் அவளுக்கும் இடது காதோரம் ஒரு கற்றை நீளமாகத் தொங்குகிறது. "ஆன்ட்டி, இந்தப் பக்கம் மறந்துட்டீங்க" என்றாள். மறக்கவில்லை அம்மா, கை மறக்க மாட்டேன் என்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது. மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்து அனுப்பினேன், அதற்கு அப்புறம் இரண்டு மணி நேரம் பக்கத்து நாற்காலிக்காரி என்னைக் கத்தரிக்கோலைத் தொடவிடவில்லை.

முந்தாநாள் நீ கூப்பிட்டபோதும் அதே மாதிரிதான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், வேண்டாம் என்று சொல்லக் கையையும் தயாராக வைத்திருந்தேன். நீ அம்மா எங்கே என்று கேட்கவே இல்லை. பேசினாய், சிரித்தாய், சரிப்பா வைக்கிறேன் என்று வைத்துவிட்டாய். தூக்கிய கை தூக்கியபடி இருந்தது. இவ்வளவு நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது நீ கேட்பாய் என்ற தைரியத்தில்தான், கேட்காமல் விடுவாய் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பயந்துபோனேன். அப்பா போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். என்ன என்றேன், நீ போனில் சொன்னதைச் சொன்னார். அந்த வீட்டுக்காரம்மா முடி வெட்டும்போது காது மேல் இருக்கும் தழும்பைத் தொட்டு இது என்ன என்று கேட்டாளாம், அதற்கு நீ, "அது எங்கம்மா போட்ட கையெழுத்து, நாலு வயசுல" என்று சிரித்தாயாம். அவள் அந்த இடத்தை மட்டும் மெதுவாகச் சுற்றி வெட்டினாளாம்.

அப்பாவுக்குப் பதினெட்டு வருஷமாக அது கேட் இடித்த காயம். அவருக்கு மட்டுமா, டாக்டருக்கும் அப்படித்தான் சொன்னேன், உனக்கும் அதையேதான் சொல்லி வளர்த்தேன். அன்றைக்குக் கடை புதிது, வாசலில் ஆள் காத்திருந்தது, நீ ஆடிக்கொண்டே இருந்தாய், நான் வாசலைப் பார்த்துக்கொண்டே உனக்கு வெட்டினேன். கத்தரிக்கோல் காதில் பட்டுவிட்டது, இரண்டு தையல். சின்னக் குழந்தை, மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். அதற்கப்புறம் அந்த முடியை நீளமாக விட்டதெல்லாம் உன் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பதற்காக என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். வேறு யாரையும் உன் தலையில் கை வைக்கவிடாததும் பாசத்தால் மட்டும் இல்லை, வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்களே. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தே என் முன்னால் தலையைக் குனிந்து நின்றிருக்கிறாய். யாரோ ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் சொல்லவில்லையே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது, என்ன ஜென்மமோ நான். நான் செய்தது தப்பு கண்ணு. வலித்திருக்கும். இப்போதுதான் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் இருப்பது கத்தரிக்கோல். உனக்கு இல்லை, அவளுக்கு. இடதுகைக்காரிக்கு நம் கத்தரிக்கோல் சரியாக வெட்டாது, பாவம் இவ்வளவு நாள் எதைவைத்து வெட்டினாளோ, நாலு மொத்தக் கடை ஏறி இறங்கி இடது கைக்கென்றே செய்ததாகப் பார்த்து வாங்கினேன். காகிதமோ பால் பாக்கெட்டோ அதனால் வெட்டக்கூடாது, கீழே போட்டால் முனை போய்விடும், மாதம் ஒருமுறை திருகாணியில் ஒரு சொட்டு எண்ணெய், இதை அவள் மொழியில் நிதானமாகச் சொல். என் பொண்ணைப் பார்த்துக்கொள்கிறதற்கு நன்றி என்றும் சொல். அதை ரொம்பப் பெரிதாகச் சொல்ல வேண்டாம், சாதாரணமாகச் சொன்னால் போதும். பின்பக்கம் அவள் வெட்டட்டும், காதோரமும் வெட்டட்டும், காது திறந்தே இருக்கட்டும். நெற்றியில் விழுகிற முன்முடியை மட்டும் அவள் தொடக்கூடாது, அது எனக்கு. கண்ணை மறைத்தால் கொண்டை ஊசி குத்திக்கொள், நீ வரும்வரை வளரட்டும்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, தழும்பில் குளிர் பட்டால் குத்தும் என்கிறார்கள். ராத்திரி படிக்கிறேன் என்று காலையில் பட்டினியாக ஓடாதே. நன்றாகப் படித்து, நினைத்ததெல்லாம் கைகூடி, உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் எப்போதும் இருக்கவேண்டும், அவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய். முதலில் என்னைக் கேள். நான் கடையில் இருக்க மாட்டேன்.

உன் காதில் கையெழுத்துப் போட்ட,
அம்மா