இலைக்கடியில் கூப்பிடுகிறவை

2061 ஜூன் 4, காலை. குரல் பதிவு

மேல்சரிவுத் தவளை நிலையம். ஜெபராணி பேசுகிறேன். நான் சொல்வதைக் கருவி எழுத்தாக்கி வைக்கும். வயர்லெஸ்ஸும் இதற்குள்ளேயே இருக்கிறது. தம்பி எட்வின் பெயரைச் சொன்னால் அவன் ஜீப்புக்கு லைன் திறக்கும். அவன் பாலம்வரை வந்தால்தான் கிடைப்பான் என்பது வேறு விஷயம்.

இலைத்தவளைகள் நலம். சுண்டுவிரல் நகம் அளவு உடம்பு, ஊரைக் கூட்டும் தொண்டை. இவை தண்ணீருக்கே போகாது. உதிர்ந்த இலைக்கடியில் முட்டையிட்டு அங்கேயே குஞ்சு பொரிக்கும். அதனால் இலையைப் புரட்டக் கூடாது என்பது இங்கே முதல் விதி. கணக்கெடுப்பெல்லாம் காதால்தான். ஒலிபெருக்கியில் ஆண் தவளையின் குரலைப் போடுவேன், பதில் குரல்களை எண்ணுவேன்.

போன வருடம் தோல்நோயில் பாதிக்கு மேல் செத்தன. அதைத் தடுக்க, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த காப்புப் பூஞ்சையைக் கோடையில் இலைகள்மேல் தூவினோம். தவளைத் தோலில் ஒட்டி வாழ்ந்து நோயை விரட்டுமாம். இன்று பதில் குரல்கள் இரு மடங்கு. தலைமையகத்தில் லட்டு கொடுத்திருப்பார்கள். எனக்கு வழக்கம்போல் ரசம்.

வயர்லெஸ்:
"எக்கா, பாலத்துக்கு மேல தண்ணி போவுது. அரிசி, கருவாடு எல்லாம் வண்டியிலதான் கெடக்கு. நீ தனியா இருக்கது எனக்குப் பயமாட்டு இருக்கு."
"ஒண்ணும் பயமில்ல மக்கா. மழ விட்டதும் ஏறி வா."

ஜூன் 9, மாலை. குரல் பதிவு

குரல்கள் இன்னும் கூடிவிட்டன. ஒலிபெருக்கியைச் சமையலறைப் பக்கம் மாற்றி வைத்தேன். பொழுது சாய்வதற்குள் அவையும் அங்கே வந்துவிட்டன. பாசக்காரப் பிள்ளைகள்.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. தவளைகள் முறைவைத்துத்தான் கத்தும், ஒன்றை ஒன்று முந்தப் பார்க்கும். இவை எல்லாம் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் நிறுத்துகின்றன. அப்புறம், தவளை இவ்வளவு பெருகினால் பாம்பு வந்திருக்க வேண்டும். ஒன்றைக்கூடக் காணோம்.

ஜூன் 13, நண்பகல். குரல் பதிவு

தண்ணீர்த் தொட்டி அருகே கேளையாடு குரைத்தது. மானினம்தான், ஆனால் நாய் மாதிரி குரைக்கும். புலி வந்திருக்குமோ என்று ஜன்னல் வழியே பார்த்தேன். ஆடு இல்லை. மறுபடி குரைத்தது. சத்தம் என் கணுக்கால் உயரத்துக்கும் கீழே, தரையிலிருந்து வந்தது. அங்கே இலைகள் கொஞ்சம் மேடு தட்டிக் கிடந்தன. மேடு மூச்சு விட்டது போல இருந்தது. காற்றாக இருக்கும்.

காற்று இல்லை. எனக்கு நானே ஏன் பொய் சொல்லிக்கொள்கிறேன்?

ஜூன் 14, காலை. தட்டச்சு

விதியை மீறினேன். நீளக் கம்பால் ஒரு கை அகலத்துக்கு இலையைப் புரட்டினேன்.

தவளை ஒன்றுகூட இல்லை. பாலாடை போல வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதன்மேல் வரிசை வரிசையாகத் தொண்டைப் பைகள். உடம்பு இல்லை, கால் இல்லை, கண் இல்லை. பைகள் மட்டும் உப்பின, அடங்கின, கூப்பிட்டன. தொட்டிப் பக்கத்து மேட்டைப் புரட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கேளையாட்டின் தொண்டை அங்கேதான் இருக்கிறது.

இத்தனை நாளும் நலம் நலம் என்று நான் எண்ணியது இதைத்தான்.

ஜூன் 14, மாலை. தட்டச்சு

இதைப் படிப்பவருக்கு: எதைப் பிடிக்கிறதோ அதன் தொண்டையை மட்டும் வைத்துக்கொள்கிறது. பிறகு அந்தக் குரலில், கேட்டதையே திருப்பிச் சொல்லிக் கூப்பிடுகிறது. சத்தம் எங்கேயோ அங்கே நகர்கிறது. கூப்பிட்டால் ஆள் வரும் என்ற பாடத்தை என் ஒலிபெருக்கி நாள் தவறாமல் நடத்தியிருக்கிறது. அதனால்தான் வாய் திறக்காமல் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் குரல் பதிவு வந்தால் நம்பாதீர்கள்.

வாசற்படி முழுக்க வெள்ளை. பின்கதவு திறக்கவில்லை.

ஜூன் 15, காலை. தட்டச்சு

மழை விட்டுவிட்டது.

வாழ்நாளில் முதல்முறையாக மழை விட்டதற்கு அழுகிறேன். எட்வின் கிளம்பியிருப்பான். கூரை டிஷ் ஆன்டெனா மேல் மரம் விழுந்து, எழுத்தாகச் செய்தி அனுப்பும் வழி போய்விட்டது. குரல் ஒன்றுதான் அவனிடம் போகும். எப்போது பாலத்துக்கு வருவான் என்று தெரியாது. கிடைக்கும்வரை விட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அது ஒரு முழம் கிட்டே வரும்.

அவனுக்குப் பிறந்து நாற்பது நாளான பெண்குழந்தை இருக்கிறது. என் பெயரைத்தான் வைத்திருக்கிறான். நான் இன்னும் பார்க்கவில்லை.

கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்துவிட்டேன். பேசப் போகிறேன்.

ஜூன் 15, காலை. குரல் பதிவு

"எட்வின். மேல வராத. நான் கூப்பிட்டாலும் வராத."
*பதில் இல்லை.*

"எட்வின். கேக்குதா? வண்டியத் திருப்பு மக்கா. வராத."
*பதில் இல்லை.*

"எட்வின், துணி வெள்ளையாவுது. கால் மரத்துப்போச்சு. லே, எங்க இருக்க? எடுலே. எட்வின், வரா"
*பதில் இல்லை.*

ஜூன் 15, நண்பகல். குரல் பதிவு

"எட்வின்."
*பதில் இல்லை.*

"எட்வின்."
*பதில் இல்லை.*

"எட்வின்."
*லைன் திறந்தது.*

"எக்கா! இப்பதான் பாலம் தாண்டுனேன். பத்து நாளா சத்தமே இல்ல, பயந்தே போயிட்டேன். பிள்ளையையும் அவளையும் கூட்டிட்டு வந்திருக்கேன், கேட்டியா? ஒனக்குக் காட்டணும்லா. அங்க எல்லாம் சரியாட்டு இருக்கா?"

"ஒண்ணும் பயமில்ல மக்கா. மழ விட்டதும் ஏறி வா."

"மழ அப்பவே விட்டாச்சுல்லா. இந்தா வந்துட்டோம்."