சைலன்சர் கடையில் சாவி

செவ்வாய்க்கிழமை.

பிக்கப் வண்டியின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கம்பெனி சரக்கு கட்டுப்படியாகாது என்று கிண்டியில் ஒரு கடைக்குப் போனோம். தகடு கனமானதா, கடல் காற்றுக்குத் தாங்குமா என்று கேட்டதெல்லாம் நான். கடைக்காரன் பதில் சொன்னதெல்லாம் என் கணவரிடம்.

"இத்த போடு சார், சவுண்டு சும்மா கெத்தா வரும்."

"சத்தமே வேணாம்பா. விடிகாலைல மயிலாப்பூர் சந்துல தண்ணி கேன் போடறவ நான்."

"அக்கா இன்னா சொல்றாங்க சார்?" என்று அவரிடமே கேட்கிறான்!

ஏழு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறேன். இவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்ட வராது. கடைசியில் நான் சொன்னதைத்தான் மாட்டினான். ஆனால் சாவியை இவரிடம் நீட்டினான். இவரும் அதை வாங்கிக்கொண்டு, கடைக்காரன் பார்க்க, தானே ஓட்டப்போகிறவர் போல டிரைவர் பக்கக் கதவைப் போய்த் திறந்தார்.