நீ முடிக்காத சாட்சி

இன்று காலை சபைக்குக் கிளம்பும்போது, பாட்டுக்குத் தட்டும் டம்பரினைத் துடைத்தேன். சொல்யூஷன் பசை வாடை குப்பென்று அடித்தது. விளிம்பில் தோல் பிரிந்திருந்ததை நாம் வேலை பார்த்த ஷூ கம்பெனியிலிருந்து அதைக் கொண்டுவந்து நீதானே ஒட்டிக் கொடுத்தாய். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

போன ஞாயிறு உன் நினைவு ஆராதனையில் பாஸ்டர் சொன்னார்: "நம்ம சகோதரி கடைசி மூச்சு வரைக்கும் முறுமுறுத்ததில்ல. ஆண்டவர ஒரு கேள்வி கேட்டதில்ல." சபையே ஆமென் என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயா கேட்காதவள்? கட்டிக்கு மருந்து ஏற்றிக்கொள்ள வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க ஆண்டவரோடு சண்டை போட்டவள் நீ. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

நம் சபையில் சாட்சி என்றால் நல்லபடியாக முடிந்த கதைதான். வேலை கிடைத்தவர்கள் சொல்வார்கள், கட்டி கரைந்தவர்கள் சொல்வார்கள். பாதியில் தவிக்கிறவர்கள் கைதட்டவேண்டும், அவ்வளவுதான். நீ மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் யாரையும் கேட்காமல் எழுந்து போய் மைக்கை வாங்கினாய்.

"உபவாசம் இருந்து ஜெபம் பண்ணோம். எனக்கு சொகமாவல. கட்டி பெருசாய்ட்டே போவுது. ஆண்டவர் மேல எனக்குக் கோவம் கோவமா வருது. ஆனா..."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சாட்சி இழுத்துக்கொண்டே போனால் நான் டம்பரினைத் தட்டிப் பாட்டைத் தொடங்கவேண்டும். நீ ஒட்டிக் கொடுத்த இதையே ஓங்கித் தட்டினேன். எல்லோரும் எழுந்து பாடினார்கள். நீ சொல்ல வந்ததைப் பாதியில் விட்டு, மைக்கை மேசைமேல் வைத்தாய். வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாய்.

மறுநாள் கம்பெனியில் சாப்பிடும்போது கேட்டேன். "அப்புறம் இன்னாடி சொல்ல வந்தே?"

"ஆனா அவர வுட்டுட்டு நான் எங்கியும் போவலன்னு சொல்ல வந்தேன். கோவப்பட்டேன்னு அவரு என்ன வெளிய போன்னு சொல்லல. நீதாண்டி ஒக்கார வெச்சுட்டே."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை எனக்குத் தள்ளினாய். ஏன்டி என்னைத் திட்டவில்லை? நாலு பேர் முன்னால் கிழித்திருக்கக்கூடாதா? அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இன்று சாட்சி நேரத்தில் நான் எழுந்து போனேன். "போன வாரம் இங்க சொன்னது பொய்" என்று தொடங்கி, ரயிலில் நீ போட்ட சண்டையையும் அன்று நான் செய்ததையும் சொன்னேன். பாஸ்டர் பழக்கதோஷத்தில் பாட்டுக்காக என் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். டம்பரின் என் கக்கத்தில் இருந்தது.

உன் வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பரவாயில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆண்டவர்மேலும்தான். அடுத்த ஞாயிறும் அந்தக் கோபத்தோடுதான் சபைக்குப் போவேன். நானும் அவரை விட்டுவிட்டு எங்கும் போகவில்லை.